உடைபடாத அம்மன்

கடலுக்கு அப்பால் தில்முன் துறைமுகத்திலிருந்து கமாரு வந்து மூன்று நாளாகியும் அவன் மனைவி நெலூ மண் அம்மனை உடைக்கவில்லை.

மாடத்தில் அம்மன் நின்றாள். தலையின் இருபுறக் கிண்ணங்களிலும் எண்ணெய் எரிந்து கரி படிந்திருந்தது. வேண்டியது கிடைத்த அன்றே உடைத்துத் தெருத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். வேலை முடிந்தவளை நிற்க வைப்பது மரியாதை இல்லை. அதுவரை வேண்டுதலை வெளியே சொல்லவும் கூடாது.

ஏழு மாதம் கடலில் கிடந்தவனுக்கு உறுத்தியது. நான் திரும்பி வருவதற்கு இல்லையென்றால், இவள் எதற்கு விளக்கேற்றினாள்?

எதிர்வீட்டு உசாதி அவனைக் கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, எங்க வீட்டுக்காரர் வாசப்படி மிதிக்கறதுக்குள்ள நான் உடைச்சிட்டேன். உங்க வீட்ல இன்னும் விளக்கு எரியுதே. நெலூ யாரு வரணும்னு கேட்டாளோ?"

"உன் வாய் அடங்கணும்னு கேட்டிருப்பா."

"அப்ப அந்த அம்மன் உடையவே உடையாது."

அன்று மாலை கமாரு நெலூவிடம் சங்கு வளையல்களைக் கொடுத்தான். வாங்கிப் போட்டுக்கொண்டாள். மறுநாள் செம்புக் கண்ணாடி. முகம் பார்த்தாள், கூந்தலை ஒதுக்கினாள், எழுந்து போய் அம்மனுக்கு எண்ணெய் விட்டாள்.

"இதுவும் இல்லையா?"

"கண்ணாடி நல்லா இருக்குங்க."

"நான் வந்தது?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

ஆறாம் நாள் படகுத் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"டேய் கமாரு, நாளைக்குப் பாய் விரிக்கறோம். மூட்டையைக் கட்டு."

கமாரு உள்ளே பார்த்தான். நெலூ வாற்கோதுமை புடைக்க உட்கார்ந்திருந்தாள். முறத்தின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"நான் வரலை, தலைவரே."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஏழு மாசம் ஊர்ல இல்லாம, பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னே தெரியலை. இனிமே கடல் வேணாம். கரையிலயே படகுக்குக் கீல் பூசற வேலை குடுங்க."

"கீல் நாத்தம் தாங்குவியா?"

"தாங்கறேன்."

உள்ளே ஏதோ உடையும் சத்தம் கேட்டது. தலைவர் திடுக்கிட்டார். கமாரு ஓடினான்.

நெலூ தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதையா கேட்ட, நான் கரையிலயே இருக்கணும்னு?"

தலையாட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லக் கூடாதே." துண்டுகளை அவன் கையில் வைத்தாள். "நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க. இன்னும் ஒரு ராத்திரி பொறுத்திருந்தா ஒரு மணிமாலையும் வந்திருக்கும்."