ஐரிஸ் ரீச்சர் இரவல் கொடுத்த பம்

1.

அச்சுவேலியில் ஒரு வீட்டில் தையல் மெஷின் விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மெஷின் முதல் நாளே கைமாறிவிட்டதாம். வெறுங்கையோடு திரும்பும்போது கொட்டிலுக்குள் ஒரு பழைய ஏ-40 கார் நின்றதைக் கண்டேன். கல் அடுக்கித் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடி துடைத்திருந்தது. பொனற்றைத் தூக்கிப் பார்த்தேன். (அடுத்தவர் வீட்டுக் காரின் பொனற்றைக் கேட்காமல் தூக்குகிற ஆள்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லப்போகிறார். தெரிந்துகொள்ளுங்கள்.) எஞ்சினின் முகப்பில், தண்ணீரைச் சுற்றவிடும் வோட்டர் பம் இருக்கவேண்டிய இடத்தில், ஓட்டை. மற்றதெல்லாம் முழுசாக இருந்தது.

"உதைத் தொடாதேங்கோ தம்பி," என்றார் வீட்டுக்கார அம்மா. "பம்மை ஒரு ஆள் இரவலாய்க் கொண்டுபோனவர். கொண்டுவருவார்."

"எப்ப கொண்டுபோனவர்?"

"தடை நேரம்."

பொருளாதாரத் தடை நீங்கி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது. படலைவரை சிரிப்பு இருந்தது. படலையைச் சாத்தும்போது இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர்கூடக் கேட்கவில்லை. மிச்சம் முழுவதும் என் கற்பனை.

2.

தொடக்கம் எழுதவேண்டும்.

"வானம் இருண்டிருந்தது. சோமசேகரத்தின் மனமும்..."

வெட்டியாயிற்று. கார் பழுதானதற்கு வானத்தை எதற்கு இழுப்பான்?

"சந்தையடியில் வாடகைக்கு ஓடிய அந்தக் கார், கிழவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததுபோல..."

இதுவும் வேண்டாம். கிழவர்களை வைத்துக் காரை விளக்குவதும் காரை வைத்துக் கிழவர்களை விளக்குவதும் எனக்குக் கைவந்த சோம்பேறித்தனம்.

சும்மா சொல்கிறேன். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. சோமசேகரம் அச்சுவேலியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பெற்றோல் மருந்துப் போத்தலில் விற்ற காலம். காரை ஸ்ராட் பண்ண மட்டும் அதில் கொஞ்சம் ஊற்றி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டவேண்டும். ஒரு நாள் அவருடைய ஏ-40 காரின் வோட்டர் பம்மில் பேரிங் உடைந்தது. தண்ணீர் ஒழுகினால் வழிநெடுக ஊற்றி ஊற்றிப் போகலாம். பேரிங் உடைந்தால் பம்மில் பூட்டியிருக்கும் ஃபான் ஆடும். ஆடி ரேடியேற்றரைக் கிழிக்கும். கார் முற்றத்தில் படுத்துவிட்டது.

அவருடைய மகள் குணலட்சுமிக்கு மாதம் நிறைந்துவிட்டது. போன முறை வலி வந்தபோது காருக்கு ஊற்ற எண்ணெய் கிடைக்கவில்லை, மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. இந்த முறை வலி கண்டவுடன் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

(கர்ப்பிணியைக் கொண்டுவந்தால் வாசகர் பாதியில் எழும்பிப் போகமாட்டார் என்ற கணக்கு எனக்கும் உண்டு. மறைக்கவில்லை. ஆனால் அவளை எழுதிய பிறகு அழிக்க மனம் வரவில்லை. கணக்குப் பிழைத்தது அங்கேதான்.)

3.

இப்போது பம்முக்கு எங்கே போவது? கார்ச் சாமான் தடை. கடைகளில் பழைய விலைப்பலகை மட்டும் தொங்குகிறது.

எனக்கு இது பெரிய விஷயமில்லை. ஒரு வசனம் போதும். ஒருமுறை எழுதியும் பார்த்தேன்: வவுனியாவிலிருந்து வந்த பலாப்பழம் ஒன்றை வெட்டுகிறார்கள், சுளைகளுக்கு நடுவில் புதிய வோட்டர் பம், பெட்டியோடு. சோதனைச்சாவடியில் ஒருவரும் மோந்துகூடப் பார்க்கவில்லை. என் கதைக்குள் என் சாமானைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்?

வாசித்துவிட்டுக் கிழித்தேன். அந்த வருடங்களில் ஒரு கட்டி சவர்க்காரத்துக்கு நாயாய் அலைந்த சனத்துக்கு முன்னால் நான் பலாப்பழம் வெட்டி விளையாடக் கூடாது.

ஆகவே பம் ஊருக்குள்ளேயே, வேறொரு ஏ-40இல் இருக்கவேண்டும். அந்த வீட்டுக்கார அம்மாவைப் பள்ளிக்கூடத்து ஐரிஸ் ரீச்சர் ஆக்கினேன்; அப்படி ஒரு கார் அவரிடம் இருந்தது. அவருடைய கணவர் வில்லியம், தொண்ணூறில் சண்டை தொடங்கியபோது, காங்கேசன்துறையில் தனித்துப்போன தமக்கையைக் கூட்டிவரப் போனார். பெற்றோலை மிச்சம் பிடிக்கக் காரை விட்டுவிட்டுச் சைக்கிளில் போனார். தமக்கை வேறு வழியால் வந்து சேர்ந்துவிட்டார். வில்லியம் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சால் வந்ததும், உடுத்த சேலையோடே, ரீச்சர் காரின் முன்னால் ஹான்டிலைப் போட்டுச் சுற்றுவார். எஞ்சின் இறுகிப்போகக் கூடாது. வில்லியம் வந்த உடனே எடுத்து ஓட்டவேண்டும். ரேடியேற்றரில் தண்ணீரும் குறையவிடமாட்டார்.

4.

சோமசேகரம் ரீச்சர் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். என் முதல் பிரதியில் உடனேயே பம்மைக் கேட்டார். எந்த ஊரில் அப்படிக் கேட்பார்கள்? திருத்துகிறேன்.

"மழை வரும்போலை கிடக்கு ரீச்சர்."

"மழையைச் சொல்லவோ வந்தனீங்கள், சோமசேகரண்ணை? கார் எங்கை?"

"படுத்திட்டுது. பம் பழுதாய்ப் போட்டுது."

"உந்தக் கிழட்டுக் காரை வைச்சுக்கொண்டு ஊரையெல்லாம் ஏத்தி இறக்கினால்?"

"கிழடெண்டு சொல்லாதேங்கோ. உங்கடையும் என்ரையும் ஒரே வயசு. நான் கார்களைச் சொல்லுறன்."

ரீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று விளங்கிவிட்டது. முகம் மாறியது.

"உயிரோடை இருக்கிற மனிசன்ரை காரிலை ஆரும் சாமான் கழட்டுவினமோ?"

"இல்லை ரீச்சர்."

"அவர் வந்து கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

சோமசேகரம் தலையாட்டினார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. (இந்த இடத்தில் அவர்மேல் எனக்குக் கோபம். சொல்லித் தொலையும் ஐயா என்று இரண்டு பக்கம் எழுதினேன். சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.) எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டினார். "அப்ப வாறன்," என்றார்.

படலைக்குக் கிட்டப் போனதும் ரீச்சர் கேட்டார்:

"குணத்துக்கு எப்பவாம்?"

"இண்டைக்கோ நாளைக்கோ."

"போன முறை... பொடியனோ பெட்டையோ?"

"பொடியன்."

"பேர் வைச்சனீங்களோ?"

"இல்லை ரீச்சர்."

பிறகு ரீச்சர் காரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஞாயிற்றுக்கிழமையும் சுத்தினனான். இறுக்கமில்லை. ஒழுக்கும் இல்லை."

சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். மூன்று வருடம் சுற்றாமல் விட்டிருந்தால் பம் துருவேறி, சீல் காய்ந்து, ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கும். அவர் காத்திருந்தபடியால்தான் அந்தப் பம் நல்ல பம்மாக இருந்தது.

"பிள்ளை பிறந்த உடனை கொண்டுவந்து பூட்டிப்போடோணும்."

"ஓம் ரீச்சர். நானே வந்து பூட்டித் தாறன்."

(இங்கே ஒரு தொழில்நுட்பத் தவறு. முதல் பிரதியில் சோமசேகரம் எடுத்தவுடன் பம்மைக் கழற்றினார். மோட்டார் மெக்கானிக்கான என் நண்பன் கனகலிங்கம் வாசித்துவிட்டு, "உன்ரை ஆள் நனைஞ்சுபோனான், துவாய் குடு," என்றான். முதலில் ரேடியேற்றர்த் தண்ணீரைத் திறந்துவிட வேண்டுமாம். திறந்துவிட்டேன். ரீச்சர் அதை வாளியில் ஏந்திக் குரோட்டன் செடிக்கு ஊற்றினார்.)

பம் கழன்று வந்தது. பம்முக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒழுகாமல் இருக்க வைத்த காஸ்கற் மட்டை இரண்டாய்க் கிழிந்தது. தடித்த மட்டை ஏதும் கிடக்குதோ என்று கேட்டார் சோமசேகரம். ரீச்சர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் சாம்பல் நிற மட்டை இருந்தது. புதுச் சேர்ட்டுக்குள் மடிப்புக் குலையாமல் வைப்பார்களே, அது.

அந்தப் புதுச் சேர்ட் யாருக்கு என்று சோமசேகரம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதேயுங்கள்.

5.

சோமசேகரத்தின் முற்றம். மட்டையைப் பம்மின் முகத்தில் வைத்து, விளிம்பெல்லாம் சுத்தியலால் மெதுவாகத் தட்டி வெட்டினார். இருபக்கமும் கிறீஸ் பூசினார். குணலட்சுமி கதிரையைக் கிட்டக் கொண்டுவந்து போட்டு, போல்ட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அப்பா, உது பிடிக்குமோ?"

"ரீச்சர் வீட்டு மட்டை. ஒழுங்காய் இருக்கும்."

"போல்ட்டைத் துலைச்சால் என்னை ஏசாதேங்கோ. குனிஞ்சு தேட ஏலாது."

"நீ அசையாமல் இரு. அது காணும்."

ஒரு போல்ட். இன்னொன்று. மூன்றாவது.

எழுதுகிறவனுக்கு இந்த இடம் தேன். வலியை இப்போது தொடங்கினால் கதை எகிறும். அந்த வசனம் என் பேனா நுனியில் நிற்கிறது: "குணலட்சுமியின் முகம் திடீரென..."

இல்லை. நிற்கட்டும். அந்த மனிசன் நாலாவதையும் இறுக்கட்டும்.

இறுக்கினார். ஃபானைப் பூட்டி, பெல்ற்றை மாட்டி, ரேடியேற்றரை ஏற்றி, தண்ணீர் ஊற்றினார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. மருந்துப் போத்தலில் இருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊற்றி ஹான்டிலைச் சுற்றினார். கார் இருமியது, பிறகு பிடித்தது. முற்றமெல்லாம் மண்ணெண்ணெய்ப் புகை.

இப்போது எழுதுகிறேன்: குணலட்சுமியின் முகம் திடீரென மாறியது. இதற்குமேல் தள்ளிப்போட என்னால் முடியவில்லை.

கார் யாழ்ப்பாணம் போகும் வீதியில் ஏறியது.

6.

முடிவு. எனக்கு ஒரு சாட்சி இருக்கிறது: அந்த ஓட்டை. பம் திரும்பி வரவில்லை. ஏன்?

பிள்ளை பிறந்திருக்கலாம். ஒரு பிரசவம் முடிய இன்னொரு பிரசவம், நோயாளி, காயம் என்று சோமசேகரத்துக்குக் காரை நிறுத்த ஒரு நாள் கிடைக்காமல் இருந்திருக்கலாம். தொண்ணூற்றைந்தில் எல்லாரும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது அந்தக் காரும் சனத்தை ஏற்றிக்கொண்டு போய், அங்கேயே எங்கோ நின்றிருக்கலாம். அல்லது அன்றைக்கே, வீதியில், மேலே விமானச் சத்தம் கேட்டு...

அந்த வசனத்தை நான் முடிக்கமாட்டேன். தடை நேரத்துக் கதையில் பலாப்பழத்துக்குள் பம் வைக்க வெட்கப்பட்டவன்; இதற்கும் வெட்கப்படுகிறேன்.

வில்லியத்தைத் திருப்பி அழைக்க நாலு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் சைக்கிள் படலையடியில் வந்து நிற்கிறது. ஏறியிருக்கும் ஆளின் முகம் எனக்குத் தெரியவில்லை. ரீச்சருக்கு யாரோ ஒருவரைக் கொடுத்து ஏமாற்றலாமா?

ஒன்று மட்டும் என்னைக் கொஞ்சம் ஆற்றுகிறது. முன்பு அவர் வில்லியத்துக்காக மட்டும் காத்திருந்தார். சோமசேகரம் போன பிறகு ஒரு பம்முக்காகவும் காத்திருக்கிறார். பம் என்பது திரும்பி வரக்கூடிய சாமான். அதோடு ஒரு பிள்ளையின் செய்தியும் வரும்.

பம்மைக் கொடுத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. சேர்ச்சால் வந்த ஐரிஸ் ரீச்சர் கொட்டிலுக்குள் போகிறார். பம் இல்லை, பெல்ற் தொங்குகிறது, ரேடியேற்றர் காய்ந்து கிடக்கிறது. சுற்றினாலும் கார் ஓடாது; எஞ்சினாவது இறுகாமல் இருக்கட்டும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஹான்டிலைக் கையில் எடுக்கிறார். அந்த நேரம் வீதியில் ஒரு கார்ச் சத்தம்.

மண்ணெண்ணெயில் ஓடும் கார்கள் எல்லாம் ஒரேமாதிரித்தான் சத்தம் போடும். அது சோமசேகரத்தின் கார்தானா, படலையடியில் நிற்குமா, தாண்டிப் போகுமா என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் ஹான்டிலைப் பிடித்தபடி நிற்கிறார். நீங்களாவது வீதிக்கு வந்து பாருங்கள்.