ஓரத்து நிழல்

பெரியவன் துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பின் மேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் நின்றது. துப்பாக்கியைத் தோளுக்குக் கொடுத்து, கண்ணை மூடி, கட்டையில் கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறந்தான். ஓரத்தில் நிழலே இல்லை. முழு வட்டமும் தெரிந்தது.

அது அப்பாவின் போட்டித் துப்பாக்கி. புது ஸ்கோப்பை இன்றே மாட்டிவிடச் சொன்னவரும் அவர்தான். யாருக்கு என்று பெரியவன் கேட்கவில்லை. முன்னறைப் பட்டறையில் அவரோடு வேலை செய்தவன் அவன். அவர் நோயில் படுத்த பிறகு தூக்கி உட்கார வைப்பவனும் அவன்.

"முடிஞ்சுதாடா?" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. பாதி மூச்சாகவே வந்தது.

"முடிஞ்சுதுப்பா. குறுக்குக்கோடு நேரா இருக்கு."

அம்மா ஈரத்துணியால் அவர் உதட்டை ஒற்றினாள். "என்னைக்காவது என்னை இந்தத் துப்பாக்கிய மாதிரி உத்துப் பாத்திருக்காரா?"

"நான் எங்க பாக்க? நீதான என்னைக் குறி வச்சுப் புடிச்ச."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாவின் முகம் சட்டென்று திரும்பியது. பெரியவன் வரும்போது அது அப்படித் திரும்பியதில்லை.

"சின்னவன் வந்துட்டான். அவன் கண்ணுக்கு வச்சுப் பாரு. இனி அவந்தான அதுல சுடப்போறான்."

சின்னவன் பையைக்கூட இறக்காமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு துப்பாக்கியை வாங்கிப் பார்த்தான். அவனுக்குக் கழுத்து நீளம்.

"ஓரமெல்லாம் கறுப்பா இருக்குப்பா."

"முன்னாடி தள்ளுடா," என்றார் அப்பா, பெரியவனிடம்.

பெரியவன் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி ஸ்கோப்பை நகர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம்ண்ணா... ஆங், போதும். பளிச்சுனு இருக்குப்பா!"

அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த துணி நின்றது.

அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கினார்கள். அம்மா சின்னவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியவன் துப்பாக்கியைப் பட்டறைக்குள் எடுத்துப்போய் மறுபடி மட்டம் பார்த்தான். ஸ்க்ரூக்களை விரலால் மட்டும் திருகினான். ஆலன் கீயால் இறுக்கினால்தான் பிடிக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்கோப் நழுவும். குறி ஏன் விலகுகிறது என்று சுடுகிறவனுக்குப் புரியாது.

கீ கையில்தான் இருந்தது.

சின்னவன் பின்னால் வந்து நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"அப்பா சொன்ன இடத்துலயே இருக்குல்ல? முடுக்கிட்டியாண்ணா?"

"முடுக்கிட்டேன்."

சின்னவன் அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். பெரியவன் கீயை உள்ளங்கையில் மடக்கிப் பிடித்தபடி, அதே கையால் தம்பியின் முதுகைத் தடவிக்கொடுத்தான்.