அடித்தண்டு

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்ததும் அக்கா யூரியா வைத்து மண் அணைத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். பயிர் வெளிறித் தெரிகிறதே என்று மனசு கேட்காமல் இன்னொரு மூட்டையையும் தூவினாள். அதன்பின் மழை தலைகாட்டவே இல்லை. கிணறும் கையை விரித்தது. பூ எடுக்கிற நேரத்தில் இலைகள் குழலாய்ச் சுருண்டு நின்றன.

ஒரு நாள் திடீரென்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் பயிர் கருகருவென்று பச்சை பிடித்திருந்தது. அக்காவுக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு சீக்கிரமா என்றுதான் தோன்றியது.

அடுத்த தெருவிலிருந்து தங்கை வந்தாள். அவளுக்கு நான்கு கறவை மாடுகள்.

"வாய்ல போட ஒரு புல்லு இல்லக்கா. கதிர் பிடிக்காத வரிசையைத் தாயேன்."

"உனக்கு இல்லாததா? அடியோட அறுடி, தண்டுலதான் சாறு இருக்கு."

இருவரும் சிரித்துப் பேசியபடியே அறுத்தார்கள்.

மதியம் தங்கை போன் செய்தாள். "செவலை நிக்க மாட்டேங்குதுக்கா. கால் பின்னுது."

அக்கா ஓடி வருவதற்குள் செவலை சாய்ந்திருந்தது. ஈறு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து மாடு மூச்சு வாங்கி நடுங்கியது. மாட்டு டாக்டர் ஊசி குத்தியதும் வந்த ரத்தம் காப்பி நிறத்தில் இருந்தது.

"என்ன போட்டீங்க?"

"மக்காச்சோளம்தான். நல்ல பச்சை."

"யூரியா?"

அக்கா சொன்னாள். அவர் நீல மருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்டே பேசினார். "தண்ணி இல்லாதப்போ உரம் அடித்தண்டுல அப்படியே தங்கிடும். மழை பெஞ்சதும் இன்னும் இழுக்கும். பயிருக்குச் சாப்பாடு, மாட்டுக்கு விஷம்."

இரண்டு பிழைத்தன. செவலையும் இன்னொன்றும் போய்விட்டன. தங்கை திட்டவில்லை. தொட்டியில் ஒட்டியிருந்த இலைகளை விரலால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ தெரிஞ்சா குடுத்த?" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அவள் பார்க்காததுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"மிச்சப் பயிரை என்ன பண்றது?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"கதிர் முத்தட்டும். மணிக்கு ஒண்ணும் ஆகாது. தட்டையைத்தான் யாரும் தொடக்கூடாது."

அக்கா வயலுக்குத் திரும்பினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ரோட்டோரம் இரண்டு வரிசையைக் காணோம். வெட்டிய கட்டையில் சாறு கசிந்துகொண்டிருந்தது. அவளோ தங்கையோ அந்தப் பக்கம் அறுக்கவே இல்லை. ஈர மண்ணில் பதிந்த காலடிகள் ரோட்டில் ஏறி மறைந்தன.

ரோட்டோரத்து முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். "இன்னிக்கு மாட்டுக்கு என்ன போட்டீங்க?"

"வைக்கோல்தான். ஏன் கேக்குறீங்க?" வந்தவள் வாசலை அடைத்து நின்றாள்.

அடுத்த வீட்டிலும் வைக்கோல்தான். உண்மையா பொய்யா என்று முகத்தில் தெரியவில்லை.

மூன்றாவது வீட்டில் அக்கா கேள்வியை மாற்றினாள். "யார் எடுத்தாங்கன்னு நான் கேக்கல. நான் குடுத்ததாவே இருக்கட்டும். ஆனா மாட்டுக்குப் போட்டுடாதீங்க, செத்துடும்."

அந்த வீட்டுப் பெண் திரும்பி, மாடு கட்டியிருந்த கொல்லைப்பக்கம் ஓடினாள். அக்காவும் பின்னாலேயே ஓடினாள்.