செத்ததற்கு வாழ்த்து

இரும்பு அரக்கன் அவளை நாற்பத்து மூன்றாவது முறையாகக் கொன்றபோது மாலை ஆறே கால் மணி.

"போயிட்டு வரேன்" என்றாள் மைக்கைப் பார்த்து.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. வேலை முடிந்தால் கம்ப்யூட்டரில் கேம் ஆடி, அதை நேரலையில் நாலு பேருக்குக் காட்டுவது. சேனலின் பெயர் 'கண்ணாடி'. ஆட்டத்தில் ஒரு கோபுரம் வரும். அதன் வாசலில் கோடரியோடு ஓர் இரும்பு அரக்கன் நிற்பான். ஐந்து வாரமாக அவனைத் தாண்ட முடியவில்லை.

முதல் வாரம் நேரலையைப் பார்த்தது ஒரே ஒருவர். அதுவும் அவளுடைய பழைய போன். இரண்டாவது வாரம் யாரோ ஒருவர் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அரக்கன் கோடரியை இறக்கினான். கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லவே கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா தலையில் குட்டிக் குட்டி வளர்த்த வாய், செத்தபோதும் அதையே சொன்னது. எட்டிப் பார்த்தவர் பதிலுக்கு எழுதினார்: 'போயிட்டு வாங்க.'

அவர் லிஃப்ட் மெக்கானிக். மறுநாளும் வந்தார், கூடவே ஒரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு. அப்படியே கூட்டம் பெருகி பதினோரு பேர் ஆகியிருந்தது. அவள் செத்தால் பதினோரு பேரும் 'போயிட்டு வாங்க' போடுவார்கள். பிழைத்து எழுந்தால் 'வந்துட்டீங்களா?' என்பார்கள்.

பதினோரு பேர் அண்ணனுக்குப் போதவில்லை. அவன் வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பவன். பிளான் கேட்டு வருகிறவர்களை உட்காரவைக்க ஒரு அறை வேண்டும், வீட்டில் இருப்பதே அவள் ஆடும் இந்த ஒரு மூலை அறைதான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கேட்ட விதம்தான் சுருக்கென்று தைத்தது. யாரும் பார்க்காத ஆட்டத்துக்கு எதுக்குத் தனி அறை என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிவதற்குள் ஒரே நேரத்தில் நூறு பேர் பார்த்தால் அறை உனக்கு, இல்லையென்றால் எனக்கு என்று கெடு வைத்தான். அவளும் வீம்புக்குச் சரி என்றுவிட்டாள்.

இன்றுதான் அந்த ஞாயிறு.

ஆறரைக்கு எண்ணிக்கை பதினொன்றிலிருந்து முப்பதுக்குத் தாவியது. பிறகு எழுபது. பிறகு நூற்று நான்கு. கூடத்திலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து கதவில் சாய்ந்தான். வார்த்தையில் நிற்கிறவன்தான். "சரி, ரூம் உனக்கே" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

அந்தச் சந்தோஷத்தில் அவள் அரக்கன் முன்னால் குருட்டுத்தனமாகப் பாய்ந்தாள். நாற்பத்து நான்காவது சாவு. திரையின் ஓரத்தில் மளமளவென்று வரிகள் ஓடின. 'அருமையான வெற்றி! வாழ்த்துகள்!' ஒன்றல்ல, இரண்டல்ல, முப்பது நாற்பது வரிகள். எழுத்துக்கு எழுத்து ஒரே வாழ்த்து.

அடியில் லிஃப்ட் மெக்கானிக் எழுதியிருந்தார்: 'யாருங்க இவங்க? எழவு வீட்ல வந்து கல்யாண வாழ்த்து சொல்றாங்க?'

கதவிடுக்கில் அண்ணியின் முகம் தெரிந்தது. திருட்டு முழி. அவள் தன் மைக்கைக் கையால் பொத்தினாள்.

"நீங்களா அண்ணி?"

போன் கடைக்காரரிடம் சொல்லி ஆள் பிடித்ததாக அண்ணி ஒப்புக்கொண்டாள். ஆள் என்றால் ஆள் இல்லை, பார்க்கிற மாதிரி கணக்குக் காட்டி, தானாக வாழ்த்துப் போடும் மெஷின். "உங்க அண்ணன் இந்த ரூம்ல உக்காந்தார்னா மணிக்கு ஒரு தடவை காபி கேட்டு எனக்குத்தானே குரல் வரும்? நீ வாயைத் திறக்காதே. ரூம் கிடைச்சாச்சு, அவ்ளோதான்."

அண்ணி சொன்னதில் தப்பில்லை. அறை கிடைத்தாயிற்று. அவள் திரையைப் பார்த்தாள். வாழ்த்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே நர்ஸின் 'போயிட்டு வாங்க' ஒரு நொடி தலைகாட்டி, வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோனது.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"நூத்தி நாலுன்னு காட்டுது. நம்பாதீங்க. அதுல தொண்ணூறு சொச்சம் ஆளே இல்ல, காசுக்கு வந்த மெஷின். நிஜமா இருக்கறவங்க மட்டும் ஒரு தடவை சொல்லுங்க. போயிட்டு வரேன்."

'போயிட்டு வாங்க' ஒவ்வொன்றாக வந்தது. வாழ்த்துகளுக்கு இடையில் விரல் வைத்து எண்ணினாள். பதிமூன்று. புதிதாக இரண்டு பேர்.

"பதிமூணு. இதுதான் என் கணக்கு. நாளையிலேர்ந்து மாடிப்படிக்கு அடியில, செருப்பு வைக்கிற இடத்துல உக்காந்து ஆடுவேன். அதே ஆறு மணி. அரக்கன் கிட்டயும் சொல்லிவைங்க."

கூடத்தில் அண்ணன் போனில் எல்லாம் கேட்டிருந்தான். வேகமாக வந்தவனிடம் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். "பைத்தியமா நீ? நானே விட்டுக் கொடுத்துட்டேன். பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"செத்ததுக்கு வாழ்த்து சொல்றவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது அண்ணா?"

மேசையைத் தூக்க ஒரு பக்கம் பிடிக்க வந்த அண்ணனை அவள் கிட்டே விடவில்லை. மானிட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், நாற்காலியை ஒரு காலால் தள்ளிக்கொண்டே வாசலைத் தாண்டினாள். அங்கே நின்று, அறையையும் அண்ணனையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"போயிட்டு வரேன்."

அவனும் அதே அம்மாவிடம் குட்டு வாங்கி வளர்ந்தவன்தான்.

"போயிட்டு வா" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், திரும்பி வரச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அதற்குள் அவள் படிக்கு அடியில் மண்டியிட்டு, செருப்புகளை ஒதுக்கிவிட்டு, பிளக் பாயிண்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.