உச்ச மாடலில் சின்ன வீடு கிடையாது

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. ஒட்டுக்கேட்டது நான்கூட இல்லை, அம்மா.

நாங்கள் இருவரும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அக்கா பால்கனியில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சின்ன வீடு பிரமாதம்ப்பா. நாள் முழுக்க ஓட விட்டாச்சு, அலட்டிக்கவே இல்லை. பெரிய வீடுதான் அரை மணி நேரத்துல மூச்சு வாங்குது."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவள் பார்வை மெதுவாகக் கூடத்துப் பக்கம் திரும்பியது. அங்கே அத்தான் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அறியாதவராகப் பக்கத்தைப் புரட்டினார். அம்மாவின் கண்ணுக்கு அந்தப் புரட்டலே குற்ற ஒப்புதல்.

அக்கா உள்ளே வந்ததும் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய், எத்தனை நாளாக நடக்கிறது, இதைச் சிரித்துக்கொண்டே ஊருக்கெல்லாம் சொல்கிறாயே என்று அம்மா கண் கலங்கிவிட்டாள். அக்காவுக்கு விஷயம் புரிந்து, சிரித்து முடித்து, விளக்கிச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு லேப்டாப் கம்பெனியில். கேம் விளையாடுவதற்கென்றே செய்யப்படும் விலை உயர்ந்த லேப்டாப்கள் சூடேறாமல் பார்த்துக்கொள்வது அவள் தொழில். அதே கம்பெனியில் அத்தான் திட்டப் பிரிவு. எந்த மாடலுக்குள் எந்த பிராசசர் போக வேண்டும் என்று முடிவு செய்கிற இடம். பிராசசர் செய்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவரோடு கம்பெனிக்கு ஆரம்பத்திலிருந்தே உறவு. இன்னொருவர் நடுவில் வந்தவர். எனவே ஒன்று பெரிய வீடு, இன்னொன்று சின்ன வீடு. சோதனைக்கூடத்தில் எல்லோர் வாயிலும் இப்போது இந்தப் பெயர்கள்தான். வைத்தவள் அக்கா.

அம்மாவுக்குப் பாதிதான் சமாதானம் ஆயிற்று. "பேர் வைக்க உனக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்றாள்.

(இரண்டு பிராசசர் கம்பெனிகளும், இந்த லேப்டாப் கம்பெனியும் நான் கற்பனையில் கட்டியவை. உங்கள் லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டாம்.)

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "சோதனைக்கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவள் கண்ணாடியில் விரலால்"

நிறுத்திவிட்டேன். நான் பனியைப் பார்த்ததே இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் நனைந்ததோடு சரி. தவிர, சோதனைக்கூடத்துக்கு ஜன்னலே கிடையாதாம். வெளிக்காற்று வந்தால் அளவு மாறிவிடும் என்றாள் அக்கா.

இரண்டாவது ஆரம்பம்: "முன்னொரு காலத்தில் சிலிக்கான் தேசத்தை இரண்டு அரசர்கள்"

வேண்டாம்.

மூன்றாவது: "தன் போர்டு உச்ச மாடலுக்குள் போக வேண்டும். அந்த வருடம் அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை."

இது நிற்கட்டும். உண்மையும் இதுதான்.

உச்ச மாடல் என்பது கம்பெனியின் நெற்றித் திலகம். வாங்குகிறவர்கள் கொஞ்சம், வாய் பார்க்கிறவர்கள் நிறைய. நல்ல திரை, உலோக உடம்பு, பெரிய கிராபிக்ஸ் எல்லாம் அதற்குத்தான். சின்ன வீட்டு பிராசசரையும் கம்பெனி பயன்படுத்தாமல் இல்லை. இரண்டாம் தரத்து மாடல்களில் போட்டது: வெளிறிய திரை, அமுக்கினால் வளைகிற பிளாஸ்டிக், ஒரு படி குறைந்த கிராபிக்ஸ். வாங்கியவர்கள் திட்டினார்கள். அந்த பிராசசர் என்றாலே மட்டமான லேப்டாப் என்று பேராயிற்று. "நொண்டிக் குதிரையில ஏத்தி விட்டுட்டு, ஓட்டறவனுக்கு ஓட்டத் தெரியலைன்னா எப்படி?" என்பாள் அக்கா.

இந்த வருடம் அதிசயமாக, உச்ச மாடலின் உடம்புக்குள் பொருந்துகிற மாதிரி இரண்டு பிராசசருக்கும் ஆளுக்கொரு போர்டு, அதாவது பிராசசர் உட்காரும் பலகை, செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று மேலே அனுமதி கிடைத்தது. அனுமதித்தவர் சம்மதம் சார்*. சின்ன வீட்டு போர்டின் பொறுப்பை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கென்றே ஒரு செம்புத் தகடு வடிவமைத்தாள். தகட்டுக்குள் துளி நீர். பிராசசர் சூட்டில் ஆவியாகி ஓரத்துக்கு ஓடும், அங்கே குளிர்ந்து திரும்பி வரும். ஃபேன் அதிகம் கத்த வேண்டியிருக்காது. அந்தத் தகட்டைப் பற்றி அக்கா பேசும்போது தூங்கும் குழந்தை பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி குரல் இறங்கிவிடும்.

* பிரிவுத் தலைவர். எதை மறுப்பதானாலும் "எனக்குச் சம்மதம்தான், ஆனா" என்று ஆரம்பிப்பார். சம்மதம் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தத் தளத்தில் இருப்பவர்கள் கொண்டுவந்த ஃபைலை மூடிவிடுவார்கள்.

3

இப்போது அத்தான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் கஷ்டம் கொடுக்கிறவர்.

வில்லனாக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் பழைய புத்தகக் கடைகளில் நுழைந்து எனக்கு மொழிபெயர்ப்பு நாவல்கள் தேடிப் பிடித்து வருகிறவர் அவர். அட்டை கிழிந்திருந்தால் தானே ஒட்டித் தருவார். அப்படிப்பட்ட மனிதரை "அவன் உதட்டோரம் குரூரமான ஒரு புன்னகை"

எழுத வரவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. ஆபீஸ் பேச்சு செருப்போடு வாசலிலேயே நின்றுவிட வேண்டும். ஆபீஸில் அவர் "சார்", அவள் "மேடம்". கல்யாணமான புதிதில் அக்கா போட்ட விதி. புருஷன் தயவில் காரியம் சாதிக்கிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. விதி நன்றாகத்தான் வேலை செய்தது. அக்கா பால்கனியில் பேசியதுகூட விதியை மதித்துத்தான்.

பெரிய வீட்டிலிருந்து கம்பெனிக்கு என்ன வருகிறது என்று அத்தானுக்குத் தெரியும். கேட்ட நேரத்தில் பிராசசர் வரும். வெளியீட்டு விழாவில் மேடையைப் பகிர்ந்துகொள்வார்கள். விளம்பரத்தில் பாதி பங்கு. சிக்கல் என்றால் அவர்களுடைய பொறியாளர்களே வந்து உட்காருவார்கள். பதிலுக்கு எதுவும் கேட்பதில்லை. உச்ச மாடலில் நாங்கள் மட்டும்தான் என்று அவர்கள் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. கல்யாண வீட்டில் முன்வரிசை யாருக்கு என்று யாராவது சொல்கிறார்களா? சொல்லாமலே எல்லோரும் நகர்ந்து உட்காருகிறோம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வீடும் தியாகி கிடையாது. கையில் சரக்கு குறைவாக இருக்கும்போது பெரிய ஆர்டர்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு இந்தக் கம்பெனியைக் காக்க வைத்தது உண்டு. ஒரு வருடம் இது முந்தும், அடுத்த வருடம் அது முந்தும். இணையத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் பங்காளிச் சண்டை போடுவார்கள். இரண்டு கம்பெனிகளுக்கும் இவர்கள் யாரென்றே தெரியாது.

ஆக, உச்ச மாடலுக்குப் பெரிய வீடுதான் என்று திட்டப் பிரிவு முடிவெடுத்தது. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டது. அக்கா பால்கனியில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்த அன்று, கூடத்தில் விளையாட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் தெரியும். அன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அக்காவிடம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றார். விதிப்படி வேறு எதுவும் பேசவில்லை.

4

இங்கே ஒரு காட்சி எழுதியிருந்தேன். கூட்டத்துக்கு முன்பு அக்கா இரண்டு மாதிரி லேப்டாப்களின் ஸ்டிக்கரையும் மாற்றி ஒட்டிவிடுகிறாள். பெரிய வீட்டு ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன வீட்டு மெஷினை எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். அவள் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். அறையில் நிசப்தம். எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ஆன் பண்ணினதும் பிராசசர் பேர் திரையில வருமேடி" என்றாள்.

நான் சமாளிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. "அப்படியே நடந்தாலும், அவங்க வெட்கப்படுவாங்கன்னு நினைக்கறியா? ஸ்டிக்கர்தானே விக்குதும்பாங்க."

காட்சியைத் தூக்கிவிட்டேன். நடந்தது இதுதான்.

அக்கா தன் வரைபடங்களோடு போனாள். இரண்டு போர்டுகளும் ஒரே உடம்புக்குள் எப்படி ஓடின, எது எப்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டது, எந்த ஃபேன் எவ்வளவு கத்தியது, எல்லாம் அதில் இருந்தது. முதல் பக்கம் திரையில் வந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். சம்மதம் சார் கையை உயர்த்தினார்.

"எனக்குச் சம்மதம்தான் மேடம், ஆனா" என்று சொல்லி, சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "எவ்வளவு நல்லா இருந்தாலும், சின்ன வீட்டை யாராவது ஊர் பார்க்கக் கையைப் பிடிச்சு மேடை ஏத்துவாங்களா?"

அறை அதிர்ந்தது. மார்க்கெட்டிங்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? ஜோக் அவளுடையது.

சிரிப்பு அடங்கியபோது கூட்டம் முடிந்திருந்தது. எவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. இரண்டாம் பக்கத்தைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அத்தான் தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே இறுகிய மூடியை. அதைப் பார்த்ததும்தான் இவருக்கு முன்பே தெரியும் என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"அம்மா சொன்னது சரிதான்" என்றாள் என்னிடம். "ஏ-ன்னோ பி-ன்னோ பேர் வெச்சிருந்தா, சம்மதம் சார் ஒரு காரணமாவது சொல்லியிருக்கணும். நானே செஞ்சு கையில கொடுத்துட்டேன்."

5

வீடு. சாயங்காலம். அத்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். (இந்தப் பகுதியை அக்கா சொன்னபடியே எழுதுகிறேன். அழகுபடுத்தினால் கோபித்துக்கொள்வாள்.)

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் அக்கா.

அவர் நிமிரவில்லை.

"எப்போ தெரியும்?"

"வீட்டுல இதைப் பேசக் கூடாதுன்னு சொன்னது நீதான்."

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே."

"ஆபீஸ்ல நான் உனக்கு யாரோன்னு சொன்னதும் நீதான்."

அக்கா அவர் கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "பரவாயில்லை. என் விதியை என்னைவிட நல்லாக் காப்பாத்தறீங்க" என்றாள்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனிதர்களுக்கு அதோடு விடத் தெரிவதில்லை. பெரிய வீட்டு போர்டு அந்த உடம்புக்குள் தாங்காது, ஃபேன் ஹேர் டிரையர் மாதிரி அலறுகிறது என்பது அவருக்கும் தெரியும். எனவே ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருந்தார். மேலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அக்காவின் செம்புத் தகட்டை எடுத்துப் பெரிய வீட்டு போர்டுக்குப் பொருத்துவது. பொருத்தித் தருகிற பொறுப்பு அக்காவுக்கு.

"உன் உழைப்பு வீணாகக் கூடாதுன்னுதான்" என்றார். மனதார.

"அதாவது, சின்ன வீட்டு நகையைக் கழட்டிப் பெரிய வீட்டுக்குப் போட்டு விடணும்."

"நகை நல்ல நகைன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க இல்ல?"

இரவுச் சாப்பாட்டின்போது இருவரும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றி வெகுநேரம் பேசினார்களாம்.

6

முடிவுகள்.

(அ) அவள் வேலையை விடுகிறாள். ரயிலில் ஜன்னலோரம், மழை, கண்ணாடியில் மங்கலாகத் தெரியும் தன் முகம். எனக்கு இந்த மாதிரி முடிவுகளைப் படித்துப் படித்தே கண் கெட்டது. ஆனால் ரயில் எங்கே போகும்? அடுத்த லேப்டாப் கம்பெனிக்கு. அங்கேயும் பெரிய வீடு ஒன்று, வாசலில் கோலோச்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

(ஆ) அவள் சரி என்கிறாள். தகட்டை இருந்தபடியே எடுத்துப் பொருத்திவிடுகிறாள், ஒரு திருத்தமும் செய்யாமல். பிராசசருக்குப் பிராசசர் சூடு குவிகிற இடம் வேறு. தகடு ஓரிடத்தில் காத்திருக்க, சூடு வேறிடத்தில் ஏறும். குளிரூட்டிய சோதனைக்கூடத்தில் மயிரிழையில் தேறிவிடும். வாங்கியவர் வீட்டில் வெயில் காலத்தில் தேறாது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைத்தானே செய்தாள்.

(இ) அவள் சரி என்கிறாள். தகட்டை முதலிலிருந்து மாற்றி வரைகிறாள், சூடு குவிகிற இடம் பார்த்து. தூக்கம் கெட்டு, திட்டிக்கொண்டே, ஆனால் ஒழுங்காக. ஏனென்றால் அவளுக்கு மோசமாகச் செய்ய வராது. மெஷின் அமைதியாக ஓடுகிறது. விழா மேடையில் பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் பிராசசரின் குளிர்ச்சியைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்குகிறார்கள்.

எது நடந்தது என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதறவ நீ" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஆகவே, வாசகரே, உங்களிடம் விடுகிறேன். உச்ச மாடல் இப்போது கடைக்கு வந்துவிட்டது. கண்ணாடி அறையில் தனி விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் அனுமதித்தால் கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு கீபோர்டின் நடுவில் உள்ளங்கையை வையுங்கள்.

சுட்டால், அவள் பழி தீர்த்துக்கொண்டாள். அப்படியானால் சூடுபடுவது சம்மதம் சாரின் கை இல்லை, அவள் பெயரே தெரியாத யாரோ ஒரு பிள்ளையின் கை.

சுடவில்லையானால், அவள் தன் வேலையைப் பழுதில்லாமல் செய்திருக்கிறாள். அடுத்த வருடக் கூட்டத்தில் அவளோ வேறு யாரோ சின்ன வீட்டு போர்டைப் பற்றிப் பேச எழுந்தால், ஜோக்கே தேவைப்படாது. பெரிய வீடே இவ்வளவு குளிர்ச்சியாக ஓடும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டால் போதும். அதற்கு அவளிடம் பதில் இருக்காது. பதில், அந்தச் செம்புத் தகடாக, அவள் கையாலேயே பெரிய வீட்டுக்குள் திருகப்பட்டிருக்கும்.

எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள்.