தனசீலனுக்குப் பிறந்த மூன்றாவது இசைவகை

ஒண்டிப்புதூரில் யார் வீட்டிலாவது புதிதாக ஒரு இசைவகை பிறந்தால், பதினாறு நாள் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்ட வேண்டும். வந்தவர்கள் ஜாடை சொல்வார்கள். யார் ஜாடை என்று தெரிகிறதோ, அந்த வீட்டுக்காரர்கள் பழத்தட்டோடு வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பதினாறு நாளும் யார் ஜாடையும் தெரியாவிட்டால்தான் அது புது வகை. அப்போது பெற்றவனே வைத்துக்கொள்ளலாம், பெயரும் அவனே வைக்கலாம்.

நாற்பத்திரண்டு வயதுத் தனசீலன் வாரநாட்களில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டாரில் புரோக்ரெசிவ் ராக் என்ற மேல்நாட்டு இசை வாசித்தான். அவன் பாட்டு ஒன்று குறைந்தது அரைமணி நேரம் ஓடும். கேட்க உட்கார்ந்தவர்கள் நடுவில் எழுந்துபோய் இட்லிக்கு மாவரைத்துவிட்டு வந்தாலும் அவன் இன்னும் தொடக்கத்திலேயேதான் இருப்பான். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. புரோக்ரெசிவ் ராக் வாசிக்கிறவனுக்குப் புதுசாக ஒன்று பிறக்குமா, பிறந்தாலும் தங்குமா என்பதுதான் பட்டறையில் டீ குடிக்கும்போதெல்லாம் பேச்சு.

ஏற்கெனவே இரண்டு பிறந்து இரண்டும் போய்விட்டன. மூத்ததைப் பார்த்ததுமே அவனுடைய சின்னம்மா மயிலாத்தாள், "மூக்கும் முழியும் அப்படியே ஜாஸ் வீட்டை உரிச்சு வெச்சிருக்கே" என்றாள். ரேஸ்கோர்ஸிலிருந்து ஜாஸ்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல மனுஷர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். இரண்டாவதற்கும் சின்னம்மாதான். "இது சூலூர் ஜமாப் மேளத்துப் பிள்ளையாச்சே" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே மேளக்காரர்கள் வந்து தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். போன மாசி மாதம் ஒரு திருவிழாவில் தனசீலன் அதைப் பார்த்தான். அவனைவிட உயரமாக வளர்ந்திருந்தது. ஆடிக்கொண்டே அவனைத் தாண்டிப் போயிற்று, அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அவன் கிட்டாரைத் தொடவில்லை.

சின்னம்மாவுக்கு வஞ்சகம் கிடையாது. கண்ணில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். இதுவரை நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு ஜாடை சொல்லியிருக்கிறாள். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

ஒரு ஆளுக்கு மூன்றுதான் பிறக்கும். நாலாவது என்ற பேச்சே கிடையாது.

மூன்றாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முப்பத்துநாலு நிமிஷப் பாட்டின் இருபத்தோராவது நிமிஷத்தில் பிறந்தது. சுகப்பிரசவம். இரண்டே முக்கால் கிலோ. தனசீலனின் மனைவி மேகலா கிட்டார் பெட்டிக்குள் பழைய வேட்டியை மடித்துப் போட்டு அதைப் படுக்கவைத்தாள். இந்தப் பிள்ளைகளைக் காதால்தான் பார்க்க முடியும். அது பதினொன்று எண்ணும்வரை மூச்சுவிட்டது, கொஞ்சம் நிறுத்தியது, மறுபடியும் பதினொன்று. திருஷ்டிப் பொட்டை எங்கே வைப்பதென்று மேகலா யோசிக்கவே இல்லை. சத்தம் புசுபுசுவென்று இருந்த இடமாகப் பார்த்து வைத்தாள்.

"இதையும் யாராச்சும் தூக்கிட்டுப் போனாங்கன்னா நான் தாங்கமாட்டேன் அம்மிணி" என்றான் தனசீலன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சின்னம்மா ஓசூர்ல மக வீட்டுக்குப் போயிருக்குதுங்க மாமா. வர்றதுக்கு இருபது நாளாகுமாம்."

அதைக் கேட்ட சந்தோஷத்தில் இரண்டு பேரும் கேசரி கிண்டிச் சாப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இஸ்திரி போடுகிறவர் வந்து, "இது வந்துங்க..." என்று தொடங்கி, அப்படியே நின்று, கேசரியை வாங்கிக்கொண்டு போனார். நாதஸ்வரம் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவர் அரைமணி நேரம் காதைக் கொடுத்துவிட்டு, "நம்ம பக்கத்து ஜாடை இல்லீங்க தம்பி" என்று எழுந்தார். ஜாஸ் வீட்டிலிருந்து போன் வந்தது. "எங்களுக்கு ஏதாச்சும் உண்டுங்களா?" "இல்லீங்க" என்றாள் மேகலா. "பரவாயில்லீங்க, பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்கள்.

தனசீலன் பட்டறை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பெட்டியின் பக்கத்திலேயே கிடந்தான். பிள்ளை மூச்சுவிட்டால் அவனும் விட்டான், நிறுத்தினால் நிறுத்தினான். சோற்றைப் பதினொரு தடவை மென்று ஒரு கணம் சும்மா இருந்தான். அந்த நாட்களில் அவன் சுற்றிக்கொடுத்த மோட்டார்கள் பதினொரு மடக்கு தண்ணீர் இறைத்துவிட்டு மூச்சு வாங்கின. பல்லடத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் போன் செய்து, தென்னைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது, மாற்றிவிட வேண்டாம் என்றார். முதலாளியும் சரி என்றுவிட்டார்.

பதினாறாம் நாள் காலையில் பதிவு எழுதுகிற சென்னியப்பன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாப்பமுங்க. யாரும் ஒண்ணும் சொல்லலீன்னா புதுசுன்னு எழுதிப்புடலாம்."

நண்பகலில் வாசலில் ஆட்டோ நின்றது. கையில் இரண்டு ரோஜாச் செடிகளோடு மயிலாத்தாள் சின்னம்மா இறங்கினாள்.

"மககூடச் சண்டை கண்ணு. எடுத்தேன் பையை, பிடிச்சேன் பஸ்ஸை. எங்க பிள்ளை?"

மேகலா தனசீலனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, பிள்ளை பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது.

சின்னம்மா கைகாலைக் கழுவிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் குனிந்தாள். முன்பக்கம் கேட்டாள். திருப்பிப்போட்டுப் பின்பக்கம் கேட்டாள். ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்டாள். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு நிமிர்ந்தாள்.

"எனக்கே பிடிபடலையே சாமி. இது யாரு ஜாடையும் இல்லை."

மேகலா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். தனசீலன் சின்னம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சென்னியப்பன் பேனா மூடியைக் கழற்றினார்.

"தகப்பன் பேருங்க?"

"தனசீலன்."

"தகப்பன் ஜாடை இருக்குதுங்களா?"

சென்னியப்பன் நல்ல மனிதர், சங்கடப்பட்டுக்கொண்டேதான் விஷயத்தை எடுத்துச் சொன்னார். தகப்பன் ஜாடை இருந்தால் இது புரோக்ரெசிவ் ராக். அது நோட்டில் ஆறாம் பக்கத்திலேயே இருக்கிறது. பீளமேட்டில் அதற்கு மூத்த வீடு உண்டு, அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். தகப்பன் ஜாடை இல்லையென்றால் தனசீலனைத் தகப்பன் என்று எழுத முடியாது. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளையை ஆபீஸ் பீரோவில்தான் வைக்க வேண்டும். பீரோவில் காற்றோட்டம் பரவாயில்லை என்றும் சொன்னார்.

"ஆக, எப்படிப் பாத்தாலும் எனக்கு இல்லைங்கறீங்க" என்றான் தனசீலன்.

"நோட்டு அப்படிச் சொல்லுதுங்க தம்பி."

தனசீலன் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் மேல் கையை வைத்தான். பிள்ளையைத் தட்டிக்கொடுத்தான், பதினொரு தட்டு, ஒரு நிறுத்தம். "சின்னம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

சின்னம்மா பிள்ளையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடியும் பிள்ளை, மறுபடியும் அவன்.

"கண்ணு, எந்திரிச்சுச் சித்தெ நட."

அவன் பதினொரு அடி நடந்து, நின்று, திரும்பிப் பதினொரு அடி நடந்தான்.

"எங்க, ஒருக்காச் சிரி."

சிரிக்கிற நிலையில் அவன் இல்லை, இருந்தாலும் சின்னம்மா கேட்டதற்காகச் சிரித்தான். அதுவும் பதினொன்றில் வந்து நின்றது.

"அட கெரகமே!" என்று சின்னம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இத்தனை நேரமும் தலைகீழாப் பாத்துட்டு இருந்திருக்கேன் பாரு. பிள்ளை யாரு மாதிரியும் இல்லை. இவன்தான் அப்படியே பிள்ளையை உரிச்சு வெச்சிருக்கான்!"

சென்னியப்பன் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். விதி தெளிவாகவே இருந்தது. யார் ஜாடை இருக்கிறதோ, அவர்கள் வீட்டுக்குத்தான் பிள்ளை சொந்தம். புது இசைவகை, குடும்பத் தலைவர் என்று எழுதினார். அதற்குக் கீழே, பிள்ளை ஒன்று, வயது நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

"ரெண்டும் ஒரே வீடுங்கறதால வேன் வேண்டியதில்லீங்க" என்றார். "பேரு மட்டும் பாக்கி. பெரியவங்க வைக்கணும்."

இசைவகை அவனுக்குப் பெயர் வைத்தது. நீளமான பெயர், நடுவில் ஒரு நிறுத்தம் இருந்தது. சென்னியப்பன் இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மேகலா வேறொரு வேட்டியை மடித்துப் பெட்டியில் போட்டாள். தனசீலன் உள்ளே படுத்தான். கால் வெளியே நீண்டதால் ஒரு ஸ்டூலை இழுத்து முட்டுக்கொடுத்தார்கள். சின்னம்மா அவன் கன்னத்தில் பொட்டு வைத்து, "பதினாறு நாளைக்கு வெளிய தூக்கிட்டுப் போயிராத அம்மிணி, கண்ணு பட்டுரும்" என்றாள். இனிமேல் தங்களை யாரும் பிரிக்க முடியாது என்று நினைத்தபோது தனசீலனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படியே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை எட்டேகால் டவுன் பஸ்ஸில் இசைவகை டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயிற்று. பகலெல்லாம் ஆட்கள் வந்து தனசீலனைப் பார்த்தார்கள். இஸ்திரி போடுகிறவர் இந்தத் தடவை தயங்கவில்லை. "யாரு ஜாடைன்னு கேக்கவே வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கேசரியை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இசைவகை கையெல்லாம் வார்னிஷோடு வீடு திரும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகப் பெட்டியின் பக்கம் போய்க் குனிந்தது.

"பையன் சாப்ட்டானா?"

"இப்பத்தானுங்க ஊட்டினேன்" என்றாள் மேகலா, டிபன் டப்பாவை வாங்கிக் கழுவப் போட்டுக்கொண்டே.