மாஸ்டர் பக்கத்து பிரேக்

டமார்!

பின்னாலிருந்து விழுந்த இடியில் பயிற்சிக் கார் குலுங்கி முன்னே நகர்ந்து நின்றது. குறுக்கே வந்த நாய், தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் எதிர்ச் சந்துக்குள் போய்விட்டது.

மினி லாரிக்காரன் இறங்கி வந்தான். "நடு ரோட்டுல இப்படியா நிறுத்துவாங்க?" என்று குனிந்து பார்த்தவன், "ஓ, அக்கா ஓட்டுறாங்களா? அதானே பார்த்தேன்!" என்றான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் பக்கத்தில் இருந்த மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள் அவள். நாளைய டெஸ்டில் தேறினால் அந்த வேனையே ஓட்டும் வேலை காத்திருந்தது.

"லேசாத்தான் பிரேக்ல கால வச்சேன் மாஸ்டர். அதுவா உள்ள போயிடுச்சு."

டிரைவிங் மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தால் அவள் பெடலும் சேர்ந்து இறங்கும். நாற்பதுக்கு மேல் கற்றுக்கொள்ள வருபவர்கள் ஆபத்தில் உறைந்துபோவார்கள் என்பது அவர் கணிப்பு. அதனால் அவர்களோடு போகும்போது அவர் கால் பிரேக்கை விட்டு நகராது. போன மாதம்கூட ஒரு குழந்தை தப்பியது அந்தக் காலால்தான்.

இன்று நாய் வந்தபோது அவள் கண் சாலையில் இல்லை, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் இருந்தது. உறைந்துவிட்டாள் என்று ஓங்கி மிதித்தார். ஆனால் வண்டி அதற்கு முன்பே வேகம் குறைந்து இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியிருந்தது. அவள் பின்னால் வந்த லாரியைத்தான் பார்த்திருக்கிறாள். வேனின் முன் சீட்டிலிருந்து பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருபவளுக்கு அது பழக்கம்.

'நான்தான் மிதிச்சேன்' என்று சொல்லிவிடலாம். லாரிக்காரன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"விடுங்கக்கா, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார் மாஸ்டர்.

சொன்ன கணத்திலேயே அது எவ்வளவு பெரிய பொய் என்று உறைத்தது. அவளோ இறங்கிப்போய் லாரிக்காரனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

திரும்பும்போது மாஸ்டர்தான் ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் வாயைத் திறந்தார். பச்சை விழுந்தது. பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கினாள். கதவைச் சாத்துமுன் உள்ளே குனிந்தாள்.

"நாளைக்கு டெஸ்டுக்கு வரல மாஸ்டர். நாப்பது தாண்டினா கால் பேச்சு கேக்காதுன்னு முதல் நாள் நீங்க சொன்னப்ப, மனசுக்குள்ள உங்களைத் திட்டினேன். தப்பா எடுத்துக்காதீங்க."